இன்னொரு பொட்டலம்

"நெசமாலுங்களா?"

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் ஊரையே ஒரு வழி பண்ணியவள் அவள். பெரியவர்களிடம் 'நெசமாலுங்களா'. சின்னவர்களிடமும் சாமியிடமும் 'நெசமாலுமா'. மேற்கே மின்னுகிறது, மழை வரும் என்றாலும் கேட்பாள். பக்கத்து ஊரில் எருமை இரட்டைக் கன்று போட்டது என்றாலும் கேட்பாள். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றைக்கு, "வண்டியில வந்தது களைப்பா இருக்குதுங்கக்கா" என்று சொன்னேன். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நெசமாலுமா? இல்லே, அழுதியா?" என்றாள். அழுதுதான் இருந்தேன். எனக்கு அப்போதே அவள்மேல் எரிச்சல் வந்துவிட்டது.

அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் ஊரில் இன்னமும் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டைக்கு வருவார்கள். நான் அக்கா என்று கூப்பிட்டேன், அதுவே இருக்கட்டும். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். ஒல்லி, நல்ல கறுப்பு, காது நிறையத் தோடு. எதையாவது கேட்கப்போகிறாள் என்றால் தலையை ஒருபக்கம் சாய்த்து முந்தானையை வலது கையில் சுற்றிக்கொள்வாள். முந்தானை சுற்றினால் போச்சு, கேள்வி வருகிறது என்று வீட்டில் ஒவ்வொருவராக நழுவுவார்கள்.

தாராபுரத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் ஊர். கோயமுத்தூரில் கரண்டு வந்து, மில்லுக்கு மேல் மில்லாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கம் இன்னும் மாட்டைக் கட்டித்தான் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். கம்பும் சோளமும் பருத்தியும், மீதி இடமெல்லாம் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடும்தான். அந்தக் காட்டில் கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவரை மாமனார் கூட்டிவந்தார். அவர் வேப்பங்கவட்டைக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். ஓரிடத்தில் கவட்டை குனிந்தது. "இங்கதானுங்க கவுண்டரே. கல்லை ஒடச்சாத் தண்ணி பொங்கும்" என்றார்.

மோர் கொண்டுபோன அக்கா முந்தானையைச் சுற்றினாள். "நெசமாலுங்களா? அப்படின்னாக் கண்ணைக் கட்டிட்டு இன்னொருக்கா நடங்க. இதே எடத்துல குனியுதான்னு பாக்கலாம்."

மனுஷன் ரோஷக்காரர். துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தே விட்டார். கவட்டை குனிந்தது வேறு இடத்தில், வேலி ஓரமாக. வேலைக்கு வந்த ஆட்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமனாருக்கு வந்த கோபத்தில் முதலில் சொன்ன இடத்திலேயே வெட்டினார். தண்ணீர் வந்தது, நல்ல தண்ணீர். முதல் சொம்புத் தண்ணீரை அவள் கையில் கொடுத்து, "இப்ப என்ன சொல்றே?" என்றார்.

அவள் குடித்துப் பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது மாமா. ஆனா வேலியோரம் வெட்டியிருந்தாலும் வந்திருக்குமுங்களா?"

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டுக் கொட்டகைக்குள் ஓடினேன். அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பிடிக்க ஆரம்பித்தது.

என் மாமியார் அவளைச் சந்தேகப் பிராணி என்பார். அது சுத்தத் தப்பு. சந்தேகப் பிராணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பிறந்த வீட்டில் ஒரு சித்தி உண்டு. புருஷன் சந்தைக்குப் போய் நேரம் கழித்து வந்தால் சட்டையை முகர்ந்து பார்ப்பாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க மாட்டாள், மூன்று நாள் சோறும் தின்ன மாட்டாள். அக்கா நேர்மாறு. ஆள்மேல் அவளுக்குச் சந்தேகம் கிடையாது, ஆள் சொல்கிற சொல்மேல்தான். அதையும் மனசுக்குள் வைத்துப் புழுங்காமல் நேரே கேட்டுவிடுவாள். ஒருமுறை வீட்டில் பித்தளைச் சொம்பு காணாமல் போனது. களை வெட்ட வருகிற ஒருத்திதான் எடுத்தாள் என்று மாமியார் தீர்த்துச் சொன்னார்.

"நெசமாலுங்களா அத்தை? எடுத்ததப் பாத்தீங்களா?"

"பாக்கோணுமா? அவ முழியே சொல்லுதே."

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே."

மாமியார் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. சொம்பு கடைசிவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. அந்தப் பெண் மட்டும் வழக்கம்போல எங்கள் காட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

இனிமேல் சொல்லப்போவது புரியவேண்டுமென்றால் பூக் கேட்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் கல்யாணமோ, கிணறோ, ஊர்க் காரியமோ, எதுவானாலும் சாமியைக் கேட்காமல் செய்யமாட்டார்கள். ஓர் இலையில் வெள்ளை அரளி, இன்னொரு இலையில் செவ்வரளி. இரண்டையும் ஒன்றுபோல மடித்து நாரால் கட்டி, அம்மன் காலடியில் குலுக்கிப் போடுவார் பூசாரி. கேள்வியைச் சொல்லிக் கும்பிட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. எடுத்ததை மட்டும்தான் பிரிப்பது. இன்னொன்று அப்படியே பூக்கூடைக்குப் போய்விடும். அதை யாரும் பிரித்ததில்லை, பிரிக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றினதும் இல்லை.

அவள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் கேட்டார்கள். வெள்ளை வந்தது. எல்லோரும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள உட்கார்ந்தபோது, பெண் தன் தம்பியை அனுப்பி மாப்பிள்ளையிடம் தனியாகக் கேட்கச் சொன்னாளாம்: "சாமிக்குச் சம்மதமுங்களாம். உங்களுக்குச் சம்மதமுங்களா?" மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "அம்மனைக் கேட்டாங்க, ஜோசியனைக் கேட்டாங்க, எங்கப்பனைக் கேட்டாங்க. என்னைக் கேட்டவ இவ ஒருத்திதான்" என்பார்.

அவர் அதிகம் பேசாத மனுஷன். அவருக்குச் சோறு போடும்போது நடக்கிற கூத்தைப் பார்க்கவேண்டும். "உப்புப் போதுமுங்களா?" "போதும்." "நெசமாலுங்களா?" சித்த நேரம் யோசிப்பார். "கொஞ்சம் போடு" என்பார். தினமும் இப்படித்தான். முதல் தடவை மரியாதைக்குச் சொல்வார், இரண்டாவது தடவை உண்மையைச் சொல்வார். நானும் என் வீட்டுக்காரரிடம் இதைச் செய்து பார்த்தேன். "ஒருதரம் சொன்னாக் காதுல உழுகாதா?" என்று எரிந்து விழுந்தார். அது வேறு மனுஷன், வேறு கதை.

அவளுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான புதிதில் குழந்தை பிறக்குமா என்று பூக் கேட்டபோது வெள்ளைதான் வந்தது. வருஷங்கள் போயின, ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் அவளுக்குச் சாமிமேல் நம்பிக்கை போய்விட்டது என்று ஊரில் பேசினார்கள். அடப் போங்க! வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயில் வாசலைக் கூட்டிக் கோலம் போட்டவள் அவள். நான் ஒருநாள் துணிந்து கேட்டேன். "ஏனுங்கக்கா, அந்த வெள்ளைப் பூ பொய்யா?"

"தெரியலை கண்ணு. பூ பொய்யா, நாங் கேட்டது சரியில்லையா, இன்னும் நாளாகலையா, ஒண்ணும் தெரியலை" என்றாள். "தெரியாட்டி என்ன, கும்பிடக்கூடாதா?"

என் மகள் பாப்பா பிறந்தபோது அவள்தான் முதலில் கையில் வாங்கினாள். நான் பால் கொடுக்க மட்டும்தான். மற்றபடி குழந்தை அவள் இடுப்பில்தான் இருந்தது. பேச்சு வந்ததும் குழந்தை முதலில் அம்மா என்று கூப்பிட்டது அவளைத்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. சொன்னால் என்ன, இருந்தது.

பாப்பாவுக்கு நாலு வயசு நடக்கும்போது, தாராபுரம் பக்கம் எலி விழுகிறது என்று பேச்சு வந்தது. எலி தானாகச் செத்து விழுந்தால் பிளேக் வருகிறது என்று அர்த்தம். அதைக் கேட்டு நடுங்காத ஆள் அந்தக் காலத்தில் கிடையாது. ஊரைக் காலி பண்ணிக்கொண்டு காட்டில் சோளத்தட்டால் குடிசை போட்டுக் குடியிருந்தோம். அப்போது கோயமுத்தூரிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் ஊசிப் பெட்டியோடு வந்தார். கிறிஸ்தவர், சட்டைக்குள் சின்னச் சிலுவை தொங்கியது. எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும் என்றார். ஊசி போட்டால் வம்சம் அற்றுப்போகும், ஊசியே நோயைக் கொண்டுவரும் என்று ஆளுக்கொரு பேச்சு. கடைசியில் ஊர்க்கவுண்டர், "எதுக்கு வம்பு, ஆத்தாளைக் கேட்டுப்போடலாம்" என்றார்.

ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று பூக் கேட்டார்கள். சிவப்பு வந்தது. ஊருக்கே போன உயிர் திரும்பி வந்தது. ஊசிக்கு அவ்வளவு பயந்திருந்தார்கள். நானும்தான்.

இன்ஸ்பெக்டர் பெட்டியை மூடினார். "நாலு நாளைக்கு இந்தச் சுத்துப்பட்டுலதான் இருப்பேன். வேணுங்கறவங்க சொல்லியனுப்புங்க" என்றார். அக்கா பாப்பாவை இடுப்பில் வைத்தபடியே அவர் முன்னால் போய் நின்று முந்தானையைச் சுற்றினாள்.

"ஏனுங்க, இந்த ஊசி போட்டா அந்தச் சீக்கு வராதுங்களா?"

"வரவே வராதுன்னு சொல்லமுடியாதுங்கம்மா. வர்றது கொறையும். வந்தாலும் பொழைக்க வழியிருக்குது."

"நெசமாலுங்களா?"

"நெசமாத்தானுங்க. ஆனா போட்டுக்கிட்டவங்கள்லயும் சில பேரு தவறியிருக்கறாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "நீங்க சாமி கும்புடுவீங்களா?"

"தினமும் ஜெபம் பண்றேனுங்க."

"ஊசியும் போட்டிருக்கறீங்களா?"

"போட்டிருக்கறேன்."

"ரெண்டுல எதுங்க உங்களக் காப்பாத்துது?"

அவர் சட்டைக்குள் இருந்த சிலுவையைத் தொட்டுப் பார்த்தார். "தெரியலீங்கம்மா" என்றார்.

அவள் பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள். "மொதல்ல எனக்குப் போடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகலீன்னா அப்பறம் பாத்துக்கலாம்." அம்மன் வேண்டாம் என்று சொன்ன ஈரம்கூடக் காயவில்லை. "அக்கா, அவருக்கே தெரியலீங்கறாரு, அவர நம்பறீங்களே!" என்று கத்தினேன்.

"தெரியலீன்னு சொன்னாரே, அதனாலதான் கண்ணு நம்பறேன்" என்றாள்.

ஊர்க்கவுண்டர் மூத்தாரிடம் போய், உன் பெண்டாட்டி ஊரை அவமானப்படுத்திவிட்டாள் என்று சத்தம் போட்டார். மூத்தார், "என்னைக் கேட்டுட்டுத்தானுங்க போட்டா" என்றார். அவள் அவரைக் கேட்கவே இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

மறுநாள் வெடியால, கோழி கூப்பிடுகிற நேரத்தில், அவளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கை தோள்பட்டை வரை வீங்கிவிட்டது. காய்ச்சல் வரும் என்று இன்ஸ்பெக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். ஆனால் அது யார் காதில் ஏறியது? ஆத்தா கோபம் என்றார்கள். எங்கள் குடிசைப் பக்கம் யாரும் வரவில்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊற்றினேன். காய்ச்சலிலே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மணி, நான் தப்புப் பண்ணிப்போட்டனா?" என்று கேட்டாள். அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காய்ச்சல் விட்டதும் குளித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போனாள். நானும் பாப்பாவும் கூடப் போனோம். கேட்டதையே மறுபடி கேட்கக்கூடாது என்றார் பூசாரி. "கேட்டதக் கேக்கலீங்க. நீ வேண்டாம்னு சொல்லியும் ஊசி போட்டுக்கிட்டேனே, அது உனக்குச் சம்மதமான்னு ஆத்தாளைக் கேக்கோணுமுங்க" என்றாள். பூசாரி முணுமுணுத்துக்கொண்டே பொட்டலம் கட்டினார். பாப்பா எடுத்தாள். பிரித்தால், சிவப்பு.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மன் முகத்தைப் பார்த்து, ஒரு மனுஷியிடம் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னாள். "சரி தாயே, உனக்குச் சம்மதமில்லை. தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா புள்ளைக்கும் போடலாம்னுதான் இருக்கறேன். இது சரியா தப்பான்னு எனக்கும் தெரியலை, தெரியாமத்தான் செய்யறேன். கோவம்னா அத்தனையும் எம்மேல வெச்சுக்க. புள்ளைய விட்டுரு."

எழுந்து என்னிடம் வந்தாள். "உன்ற புள்ளை அம்மணி. நீ சொன்னாத்தான்."

எனக்கு அழுகை முட்டியது. "ஊசி போட்டாப் பாப்பா பொழைச்சுக்குவாளாங்கக்கா?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சத்தியம் பண்ணியிருப்பார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "தெரியலை கண்ணு" என்றாள். அவளுக்கு என் மகள்மேல் உயிர். அந்த உயிரை வைத்துக்கொண்டும் அவளுக்கு என்னிடம் ஒரு பொய் சொல்லத் தோன்றவில்லை. நான் குழந்தையை அவள் கையில் கொடுத்தேன். "போலாமுங்கக்கா" என்றேன். பாப்பாவுக்கும் எனக்கும் அன்று பொழுதோட, இருட்டுவதற்கு முன்னால், ஊசி போட்டார்கள். எங்களைப் பார்த்து இன்னும் சில வீட்டுக்காரர்கள் வந்தார்கள்.

பிளேக் எங்கள் ஊருக்கு வரவே இல்லை. ஒரு எலிகூட விழவில்லை. கோடை மழைக்கு முன்னால் எல்லோரும் ஊருக்குள் திரும்பிவிட்டோம். அன்றைக்கு ஆரம்பித்தது கட்சி. ஆத்தாதான் காப்பாற்றினாள் என்று ஒரு கட்சி. ஊசி போட்டவர்களெல்லாம் ஊசிதான் என்றார்கள். இரண்டு கட்சியும் அக்காவிடம் வந்து நின்றார்கள், ஒரு வார்த்தை சொல்லு என்று. நான்கூடச் சொன்னேன், "நீங்கதானுங்கக்கா பாப்பாவைக் காப்பாத்துனீங்க."

"நெசமாலுமா? அதெப்படித் தெரியும்?" என்றாள். இரண்டு கட்சிக்கும் அவள்மேல் வருத்தம். எனக்கும்தான். ஒருதரமாவது 'ஆமாம்' என்று சொல்லித் தொலைத்தால் என்ன!

ஆனால் சிவப்பு வந்ததை அவள் மறக்கவில்லை. வருஷா வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்ததும் பாப்பாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவாள். "எம்மேல இருக்கற கோவம் போச்சா தாயே?" இதுதான் கேள்வி. பாப்பா எடுப்பாள். சிவப்பு வரும். "சரி, அடுத்த வருசம் கேக்கறேன்" என்று கும்பிட்டுவிட்டு வருவாள். அடுத்த வருஷமும் சிவப்பு. அதற்கடுத்த வருஷமும். வீட்டுக்கு வந்து எப்போதும்போல வேலை செய்வாள், சிரிப்பாள். எனக்குத்தான் அந்த அம்மனைப் பார்க்கவே கோபமாக வரும்.

ஒரு வருஷம் வெள்ளை வந்தது. பாப்பா குதித்தாள், நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்படியே பூசாரியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனுஷன் அவசரமாகக் கூடையை எடுத்துக்கொண்டிருந்தார். அவள் கை முந்தானையைச் சுற்றியது.

"நெசமாலுங்களா?" என்றாள். குனிந்து, கூடையிலிருந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

அதிலும் வெள்ளை.

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். "வருசா வருசம் உங்க மொகத்தப் பாக்க முடியலீங்க அம்மணி. ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கட்டுனேன்" என்றார். அவள் திட்டவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள். "உங்க நல்ல மனசு எனக்குத் தெரியுதுங்க. ஆனா சாமி சொல்லோணும். நீங்க சொல்லக்கூடாது."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்படின்னா, அன்னைக்கு ஊருக்கு வந்த செகப்பு?" என்று கேட்டேன். அவர் கற்பூரத் தட்டில் கையை வைத்து, அது நேர்மையாகக் கட்டியது என்று சத்தியம் பண்ணினார். "இருக்கும், இருக்கும்" என்று அக்காதான் அவர் கையை எடுத்துவிட்டாள்.

அடுத்த நோம்பிக்கு அவள் இல்லை. வயிற்றில் கட்டி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக் கொண்டுபோனோம். "பாக்கலாம்" என்றார் டாக்டர். "தெரியலீன்னாத் தெரியலீன்னு சொல்லுங்க, பரவால்லீங்க" என்று அவருக்கு இவள் தைரியம் சொன்னாள். கடைசி நாள் மூத்தாரைக் கூப்பிட்டு, "எங்கூட இருந்தது உங்களுக்குச் சந்தோசந்தானுங்களா?" என்று கேட்டாள். அவர் "ஆமா" என்றார். அவள் "நெசமாலுங்களா?" என்றாள். அவர் யோசிக்கவே இல்லை. "நெசமா" என்றார். அந்த ஒரு தடவைதான் அவரிடமிருந்து இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தது.

ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? ஆத்தா கணக்கைத் தீர்த்துவிட்டாள் என்று. கோபத்தை என்மேல் வைத்துக்கொள் என்று அவளே கேட்டாளே, வைத்துக்கொண்டாள் என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அதை என் மகளும் கேட்டுவிட்டாள். ஒருநாள் சோறு தின்னாமல் மூலையில் உட்கார்ந்திருந்தவள், "அம்மா, எனக்கு ஊசி போட்டதாலதான் பெரியம்மா செத்துப்போனாங்களா?" என்றாள். நான் "இல்லே" என்றேன். பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "நெசமாலுங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

எனக்குத் தெரியாதே. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினேன். வாசலில் மூத்தார் மறித்தார். "எதுக்கு அம்மணி? மறுபடியும் செகப்பு வந்தா இந்தப் புள்ளை தாங்குமா?"

"வந்தா வரட்டுமுங்க. கேக்காம இருந்தா இவ ஆயுசுக்கும் இதையே நெனைச்சுட்டிருப்பா" என்றேன். அவரும் எங்கள் பின்னால் வந்தார்.

நான் அதுவரை சாமியிடம் எதையும் கேட்டதில்லை. பூசாரி கட்டினார், குலுக்கிப் போட்டார். "அக்கா மேல இருந்த கோவம் போச்சா தாயே?" என்றேன். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

மூத்தார் "ஆத்தா!" என்று கத்திவிட்டார். பாப்பா என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. பூசாரி முகத்தைப் பார்த்தேன். நல்ல மனுஷன், ரொம்ப நல்ல மனுஷன், அதுதான் பயமாக இருந்தது. முந்தானை என் கையைச் சுற்றிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

"நெசமாலுங்களா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. இன்னொரு பொட்டலத்தை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "பிரிங்க அம்மணி. அவங்க இருந்தாப் பிரிச்சிருப்பாங்க."

"வேண்டாம்மா, வெள்ளைதான் வந்துருச்சே" என்று பாப்பா அழுதாள். போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. நார் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன்.

செவ்வரளி. இத்தனை வருஷமாக எந்தப் பூவைப் பார்த்துப் பார்த்து அம்மனையே கோபித்தேனோ, அதே பூ. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. கோயில் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன். "செகப்பும்மா" என்று பாப்பா மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். "ஆமா கண்ணு, செகப்பு. இதுல செகப்பு இருந்ததாலதான் அந்த வெள்ளை நெசம்" என்றேன்.

எங்கள் பக்கம் அரளிப்பூவைத் தலையில் வைக்கமாட்டார்கள். வெள்ளையை அம்மன் காலடியில் வைத்துவிட்டு, சிவப்பை என் மகளின் தலையில் வைத்துக் கூட்டிவந்தேன்.